புழக்கடையில் பூத்த ஆப்பிள்

கல்யாணமாகி ஓசூருக்கு வந்தபோது என்னை வாய்பிளக்க வைத்தது மாமியார் வீடு அல்ல, அந்த வீட்டின் புழக்கடைதான். நான் பிறந்தது பர்கூர்ப் பக்கம். பாறையும் வெயிலும் தாராளமாகக் கிடைக்கும் ஊர். அங்கே எங்கள் வீட்டில் இரண்டே இரண்டு கத்தரிச் செடி இருந்தது. பாத்திரம் கழுவின தண்ணீரை அதற்கு யார் ஊற்றுவது என்று தினமும் சண்டை நடக்கும். அந்தக் கத்தரி காய்த்தால் தெருவுக்கே தெரியும். ஓசூரிலோ, கொடி படர்வதற்கென்று நட்டு வைத்த குச்சிகூடத் துளிர்த்து நின்றது. மார்ச் மாதத்திலும் காலையில் புல் நனைந்திருந்தது. இதே ஜில்லாவில், ஒரு பகல் பஸ் பயணத்தில், மண்ணுக்கு இவ்வளவு நல்ல மனசு எப்படி வந்தது என்று எனக்குப் புரியவேயில்லை.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு சின்ன ஊர். ஃபாக்டரி எதுவும் கிடையாது. வீட்டுக்காரரும் மாமியாரும் நானும் மூன்றே பேர். கிணற்றைச் சுற்றி அவரைப் பந்தல், பீன்ஸ், நூல்கோல், கொய்யா, எலுமிச்சை, மதில்மேல் ஏறிப் பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் பூசணி. முட்டைக்கோஸ் வளர்வதை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். விரிந்து கிடக்கும் இலைகள் நடுவில் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு, தனக்குள்ளேயே உருண்டுகொள்ளும். காபி போட வேண்டிய நேரத்தில் நான் அதன்முன் குந்தியிருப்பேன். "கோஸு எங்கயும் ஓடிப் போயிடாதும்மா, வந்து அடுப்பைப் பத்த வை" என்று மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். செங்கல், தீவனம், காய்கறி என்று எது கிடைத்தாலும் பெங்களூருக்கு ஏற்றிப் போவார். மற்ற டிரைவர்கள் திரும்பும்போது பெண்டாட்டிக்குப் பூ வாங்கி வருவார்கள். எனக்கு வந்ததெல்லாம் நாற்று. செங்கல் இறக்கப் போன பங்களாக்களில் தோட்டக்காரர்களோடு சிநேகம் பிடித்துக்கொண்டு, ஈரச் சாக்கில் எதையாவது சுற்றி எடுத்து வந்துவிடுவார். அப்படி ஒரு நாள், முழங்கை நீளக் குச்சி ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இறங்கினார். "இது என்ன தெரியுமா? ஆப்பிள். ஒட்டுச் செடி" என்றார்.

"வேண்டாம். கொண்டுபோய்க் கொடுத்த இடத்துலயே கொடுத்துட்டு வாங்க" என்றேன்.

புதுப் பெண்டாட்டி இப்படி முகத்திலடித்த மாதிரி பேசியதில் அவர் அசந்துபோய் நின்றார். ஏன் வேண்டாம் என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அவர் கேலியாகச் சிரித்துவிட்டு, எலுமிச்சைக்குப் பக்கத்தில் குழி வெட்டப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் ஆப்பிள் என்பது பழமே இல்லை, ஆஸ்பத்திரிச் சாமான். ஒரு வீட்டுக்குள் ஆப்பிள் போனால், அந்த வீட்டில் யாருக்கோ முற்றிவிட்டது என்று அக்கம்பக்கத்தார் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக்கும் அது ஒருமுறை வந்தது. எனக்கு ஒரு தம்பி இருந்தான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருடமே அவனுக்கு விஷக் காய்ச்சல் கண்டது. கிருஷ்ணகிரி டாக்டர், இதுதான் மருந்து, ஆப்பிள் சாறு பிழிந்து கொடுங்கள் என்றார். அப்பா எங்கெங்கோ அலைந்து வாங்கி வந்தார். அம்மா அதை அம்மியில் நசுக்கி, மல்துணியில் பிழிந்து, சங்கில் எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே நின்ற எனக்கு அந்த வாசனை மட்டும் வரும். பழம் தீர்வதற்குள் தம்பி போய்விட்டான். அதன்பிறகு அம்மா அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள். கூடையில் மீந்திருந்த ஒரு பழத்தை அப்பா தூரத்தில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்.

இந்தக் கதையெல்லாம் தெரியாமல் என் வீட்டுக்காரர் அந்தக் குச்சிக்கு நிழல் கட்டினார், சோளத்தட்டைகளைக் குத்தி வேலி போட்டார். நான் பூசணிக்கு ஊற்றினேன், பீன்ஸுக்கு ஊற்றினேன், அதன் பக்கம் போகவில்லை. என் தயவு இல்லாமலே அது என் தோள் உயரம் வளர்ந்தது.

அடுத்தடுத்த வருடங்களில் மரமாயிற்று. ஒரு மார்கழியில், மூக்கு நுனி உறைகிற குளிரில், அவர் மண்வெட்டியோடு இறங்கினார். மரத்தைச் சுற்றி மண்ணை விலக்கி, வேர்களை வெளியே தெரியும்படி திறந்து விட்டார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, பச்சைப் பசேலென்று இருந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்தார். ஒரு இலை பாக்கியில்லை.

"வேண்டாம்னா வெட்டிப் போடுங்களேன். துணியை உருவித் தெருவுல நிறுத்தின மாதிரி இது என்ன அநியாயம்?" என்று சத்தம் போட்டேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். பங்களாத் தோட்டக்காரர் சொல்லிக் கொடுத்த முறையாம். இது பனி தேசத்து மரம். அங்கே குளிர் வந்தால் தானாகவே இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். நன்றாகத் தூங்கி விழித்தால்தான் பூக்கும். நம் ஊர்க் குளிர் அதற்குக் கொசுக்கடி. அதனால் இலையை எடுத்து, வேருக்குக் காற்றுக் காட்டி, தண்ணீரை நிறுத்தி, நாம்தான் அதைத் தூங்க வைக்க வேண்டும்.

மரம் தூங்குமாம். நான் நம்பவில்லை. அவர் லாரி எடுத்துப் போன மறுநாளே, மாமியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கிணற்றிலிருந்து ஒரு குடம் இறைத்து அந்த மொட்டை மரத்துக்கு ஊற்றினேன். அடுத்த நாளும் ஊற்றினேன். "பிடிக்காத மரத்துக்குத் தண்ணி எடுத்து ஊத்துறவ இந்த ஊர்லயே நீ ஒருத்திதாம்மா" என்றார் மாமியார். எனக்கே அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் தாகத்தோடு ஒன்று நிற்கிறது என்று தெரிந்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை, என்ன செய்ய?

அந்த வருடம் வெறும் இலையாக விட்டது. பூ ஒன்றுகூட இல்லை. அவர் மரத்தைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கஷ்டப்பட்டுத் தூங்க வச்சேன், நீ தண்ணி தெளிச்சு எழுப்பி விட்டுட்ட" என்றார். கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த மார்கழியில் மட்டும் லாரி கிளம்பும்முன் என் பக்கம் திரும்பி, "இந்தத் தடவை கிணத்துக் கயித்தையே கையோட எடுத்துட்டுப் போயிடுவேன்" என்று மிரட்டிவிட்டுப் போனார்.

அந்த முறை நான் ஊற்றவில்லை. அவர் திரும்பி வந்து எருப் போட்டு, மண்ணை மூடி, "இப்ப நீயே ஊத்து" என்று சொல்லும்வரை காத்திருந்தேன். சொன்னதும் குடம் குடமாக ஊற்றினேன். மண் உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

மாசி மாதம், விடிந்து கொஞ்ச நேரம். பல் விளக்கப் புழக்கடைக்குப் போன நான் அப்படியே நின்றேன். மொட்டைக் கிளைகளில், இலைக்கும் முன்னால், பூ. மொட்டாக இருந்ததெல்லாம் ரோஜா நிறம், விரிந்ததெல்லாம் வெள்ளை. எங்கிருந்து மோப்பம் பிடித்து வந்தனவோ, அத்தனை தேனீக்கள். மரமே முனகுவதுபோல் இருந்தது. கையில் வைத்திருந்த சொம்பைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

நான் அறிந்த ஆப்பிளுக்குப் பூவே கிடையாது. அது கூடையில் வந்து, அம்மியில் நசுங்கி, துணியில் பிழிபட்டு, சாத்திய கதவுக்குப் பின்னால் முடிந்த ஒன்று. அதற்கு ஒரு மரம் இருக்கும், அது தூங்கும், விழிக்கும், இவ்வளவு அழகாகப் பூக்கும், அதைத் தேடித் தேனீ வரும் என்றெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. தம்பி படுத்திருந்த அந்த மாதத்தில்கூட எங்கோ ஒரு மலையில் இது இப்படி நின்றிருக்கும் என்று நினைத்தபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து வந்த வீட்டுக்காரர் பயந்துவிட்டார். அங்கேயே, மரத்தடியிலேயே, தம்பி கதையை அவருக்குச் சொன்னேன்.

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "மொதல்லயே சொல்லியிருந்தா நட்டே இருக்க மாட்டேனே. வெட்டிடட்டுமா?" என்றார். மனதாரத்தான் கேட்டார்.

"மரத்து மேல கையை வச்சுப் பாருங்க, தெரியும்" என்றேன்.

பூவெல்லாம் பழமாகிவிடுமா என்ன. பாதி காற்றில் போயிற்று. நெல்லிக்காய் அளவில், மேலெல்லாம் பஞ்சுபோல் மயிரோடு நின்ற பிஞ்சுகளில் பாதி அணிலுக்குப் போயிற்று. மாமியார் பழைய வேட்டியைக் கிழித்துப் பைகள் தைத்துக் கொடுத்தார். மிஞ்சியவற்றுக்கு நான் பை கட்டினேன். தினமும் பையை விலக்கிப் பார்ப்பேன். வெயில் பட்ட கன்னம் மட்டும் சிவந்துகொண்டு வந்தது. ஆனி பிறந்தபோது மூன்று பழங்கள் தேறின.

முதல் பழம் மலைக் கோயில் சாமிக்கு என்று மாமியார் சொல்லிவிட்டார். அர்ச்சகர் தட்டைப் பார்த்ததும், "வீட்ல யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று விசாரித்தார். இரண்டாவதை வீட்டில் அறுத்தோம். வாயில் போட்டதும் லேசான புளிப்பு, பின்னாலேயே நல்ல தித்திப்பு. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மென்றோம். மூன்றாவதை அம்மாவுக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்றேன்.

"பழசையெல்லாம் கிளறி விட்ட மாதிரி ஆயிடாதா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

ஆகலாம். எனக்கும் அதே பயம்தான். ஆனால் அது பூத்ததை நான் பார்த்துவிட்டேன், அம்மா பார்க்கவில்லை. அவள் மனதில் அது இன்னும் அந்தச் சாத்திய அறையிலேயே கிடந்தது. அதை என்னால் தாங்கிக்கொண்டு இருக்க முடியவில்லை. கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, பர்கூரில் இறங்கி நடக்கும்வரை பழத்தை முந்தானையில் முடிந்து மடியிலேயே வைத்திருந்தேன்.

அம்மா கூடத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் முடிச்சை அவிழ்த்து முன்னால் வைத்தேன். அவள் கை நின்றது.

"யாருக்கு என்னாச்சு? மாப்பிள்ளைக்கா?" என்றாள்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. எங்க வீட்டு மரத்துல காய்ச்சது."

அவள் எழுந்துவிட்டாள். வழக்கம்போல் போய்விடுவாள் என்று தெரிந்தது. எனக்கு வேறு வழி தோன்றவில்லை. அவள் முதுகைப் பார்த்தபடியே, இலையைக் கிள்ளியதையும், மரம் தூங்கியதையும், நான் தண்ணீர் ஊற்றிக் கெடுத்ததையும், பிறகு ஒரு காலையில் கிளையெல்லாம் பூவாக நின்றதையும் விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். வாசற்படி வரை போனவள் நின்றாள்.

"பூ என்னா நிறம்?" என்றாள், திரும்பாமலே.

சொன்னேன். தேனீ வந்ததையும் சொன்னேன். அவள் வந்து உட்கார்ந்தாள். பழத்தைக் கையில் எடுத்து, காம்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு அரிவாள்மணையை இழுத்து, ஒரு துண்டு அரிந்து வாயில் போட்டாள். இரண்டு தடவை மென்றவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"தித்திப்பா இருக்குதே" என்றாள்.

"ஆமாம்மா."

"கசக்கலையா இது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா துண்டை வாயிலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

"டாக்டரு மருந்துன்னு சொன்னாரு. அதை நான் எதுக்கு வாயில வச்சுப் பாக்கப் போறேன்? புள்ள பல்லைக் கடிச்சுக்கிட்டு வாயைத் தொறக்கவே மாட்டேன்னான். கசப்புக்குத்தான் அடம் புடிக்கறான்னு நெனச்சேன். மூக்கைப் புடிச்சு ஊத்துனேன். அதட்டி அதட்டி ஊத்துனேன். போற புள்ளைக்குக் கடைசியாக் கசப்பைக் கொடுத்து அனுப்பிச்சுட்டேனேன்னு இத்தினி வருசமா..."

அம்மா இன்னொரு துண்டு அரிந்து வாயில் போட்டு, மெதுவாக மென்று விழுங்கினாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை.

"தித்திப்பாத்தான் குடிச்சுட்டுப் போயிருக்கான்" என்றாள்.

பிறகு ஒவ்வொரு துண்டாக அரிந்து, பழம் முழுவதையும் அம்மாவே தின்றாள். எனக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.