செருப்புப் போட்ட அகதி

போன கிழமை லண்டன் கோலியர்ஸ் வுட்டில் பல் டாக்டரிடம் காத்திருந்த நேரம் ஒரு பேப்பரைப் புரட்டினேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான். ஆனால் கேலிப்படம் பார்க்கப் படிப்பு எதற்கு? கடைசிப் பக்கம் வரை ஒரு கேலிப்படமும் இல்லை. கட்டில் விளம்பரம் மட்டும் நாலு.

எண்பதுகளில் அகதியாய் வந்த புதிதில், ஓர் அமெரிக்கப் பேப்பரின் லண்டன் கந்தோரைக் கூட்டித் துடைத்தேன். காலை ஆறு மணி ஷிப்ட். கூட வேலை செய்த சிவகாமி அக்கா மூன்று வருடம் முந்தி வந்தவ. மூன்று வருடத்து இங்கிலீஷ் அவவிடம் இருந்தது. வேலைச் சட்டம் ஒன்றுதான்: மேசையில் கிடப்பதைத் தொடக்கூடாது, நிலத்தில் கிடப்பது குப்பை.

அங்கே கேலிப்படம் கீறுகிற அமெரிக்கர் ஒருவர் எங்களுக்கு முன்னமே வந்து இருப்பார். மை மணக்கும். பெரிய பரிசு வாங்கிய கையாம். அந்தக் கை யானையைக் கீறினாலும் வயிற்றில் ஏதோ எழுதும், மனிதரைக் கீறினாலும் தொப்பியில் எழுதும். அமெரிக்கச் சனத்துக்கு எதையும் பார்த்து விளங்காது போலும் என்று இரக்கப்பட்டேன்.

ஒருநாள் ஒரு பொம்பிளையைக் கீறியிருந்தார். வெறுங்கால், கிழிந்த சீலை, தலையில் மூட்டை, முன்னால் பூட்டின கதவு. மூட்டையில் எழுத்து. அது என்ன என்று அக்காவைக் கேட்டேன். அகதி என்று வாசித்துச் சொன்னா.

நான் ஹீத்ரோவில் இறங்கியது பட்டுச் சீலையும் குதி உயர்ந்த செருப்புமாய், கையில் கைப்பையோடு. செருப்புக் கடித்த காலோடு வரிசையில் நின்றவள் நான்.

"அக்கா, இவரிட்டக் கேளுங்கோ, அவளின்ர செருப்பை ஆர் களவெடுத்தது எண்டு."

"பேசாமல் கூட்டடி. வேலை போகப்போகுது."

"போனாப் போகட்டும். அகதி எண்டால் பிச்சைக்காரி இல்லையெண்டு சொல்லுங்கோ."

அக்கா இங்கிலீஷில் அவருக்குச் சொன்னா, எவ்வளவைச் சொன்னாவோ. அவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், புதுத் தாள் எடுத்தார். வேலை போய்விடுமென்று பயந்து, கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினேன். முகத்தில் காட்டவில்லை.

பேப்பரில் வந்ததை வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். செருப்பு, கைப்பை, நிமிர்ந்த தலை, என் மூக்கு. எழுத்து ஒன்றுகூட இல்லை. அதற்கும் அமெரிக்காவில் பரிசு. அவருடைய கற்பனையை எல்லோரும் புகழ்ந்து கேக் வெட்டினார்களாம். மறுநாள் கேக் துகளைக் கூட்டினது அந்தக் கற்பனைதான்.

அவர் ஊர் திரும்புகிற அன்று காலை எங்களைத் தேடி வந்தார். படம் பிடித்ததா என்று என்னைக் கேட்கிறாராம். எந்தப் படம் என்றேன். கையால் கீறிய அசலை, நேற்றே சுருட்டி என் வாளிக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தாராம், நான் தவறாமல் காண்பேன் என்று.

தவறாமல் கண்டேன்தான். குப்பை லொறி போய் ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது.

"நல்லாயிருந்தது, சுவரில கொழுவியிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

பிறகு அந்தக் கந்தோரும் மூடி, கட்டடம் பிளாட்டாகிவிட்டது. அந்த வருடங்களில் எங்களிடம் கமரா இல்லை. அந்த வயதில் எனக்கு வேறொரு படமும் இல்லை. நான் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. குப்பைப் பைக்குள் இடம் காணாதென்று நாலாய் மடித்து, காலால் நன்றாக மிதித்துத்தான் போட்டேன். அவ்வளவு ஒழுங்கான வேலைக்காரி.