ழகரம் வராத பாட்டு

என் தங்கை குழந்தைப் பாட்டுக்காரி ஆனது பிறகுதான். அதற்கு முன்னால் ஆறு வருடம் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, அடுத்தது யார் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்குக் கிலுகிலுப்பை என்று பெயர். அவள் வாய் மூடியிருந்தால் தூங்குகிறாள் என்று அர்த்தம்.

நான் அவளுக்கு அக்கா. அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டினால்கூட மாப்பிள்ளை யார் என்று பார்க்க மாட்டேன், எங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்றுதான் பார்ப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் வில்லி நான்தான்.

அந்த ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் அறை ஒடுக்கமானது. ஆறு நாற்காலி, ஒற்றை மீனோடு ஒரு தொட்டி. உள்ளே மெஷின் கிர்ரென்று சுற்றினால் வெளியே பிள்ளைகள் நாற்காலிக் காலைக் கட்டிக்கொள்வார்கள். டாக்டரம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, வாயைத் திறக்க வேண்டும். ஒருநாள் ஒரு வாண்டு உதட்டை இறுக்கிக்கொண்டு அரைமணி நேரம் அழிச்சாட்டியம் பண்ணியது. என் தங்கை எழுந்து போய், வாயில் வந்ததைப் பாடி, கடைசியில் "ஆ" என்று நீட்டினாள். அதுவும் கூடவே "ஆ" என்றது. டாக்டரம்மா சட்டென்று பல் பார்க்கும் கண்ணாடியை உள்ளே விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து அவள் கட்டிய பாட்டெல்லாம் "ஆ" என்றுதான் முடியும். ஒரு சின்ன கிட்டார் வாங்கினாள். சனிக்கிழமைகளில் நூலகத்திலும் பள்ளிக்கூடங்களிலும் பாடினாள். பல்வலியே இல்லாத பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்கள். மேசையில் ஒரு காதும் கிட்டாரில் ஒரு கையுமாக இனிமேல் முடியாது, ஏதாவது ஒன்றை விட வேண்டும் என்று அவளுக்கே தெரிந்துபோனது. எதை விடுவது என்பதுதான் தெரியவில்லை.

அப்போதுதான் வானொலியில் சிறுவர் நிகழ்ச்சி தயாரிப்பவர் தன் மகளுக்குப் பல் பிடுங்க வந்தார். மகள் அழுவாள் என்று கைக்குட்டையோடு வந்தவர், மகள் பாடிக்கொண்டே வெளியே வந்ததைப் பார்த்து அசந்துபோனார். ஒரு ஞாயிறு காலை நேரடி ஒலிபரப்பு, அரைமணி நேரம், பிள்ளைகளோடு. நன்றாக வந்தால் வாராவாரம். வாராவாரம் என்றால் மேசைக்கு ஒரு கும்பிடு! ஒரே ஒரு நிபந்தனை போட்டார். உச்சரிப்பு சுத்தமாக இருக்க வேண்டும், ஒரு எழுத்து பிசகினாலும் அடுத்த வாரம் கிடையாது. ஆகா, நம் கட்சிக்காரர் என்று நான் பூரித்துப்போனேன்.

ழகரத்தைச் சொல்லிக்கொடுப்பது மாதிரி ஒரு பாட்டு எழுது என்று யோசனை சொன்னதே நான்தான். ஒரே மூச்சில் எழுதிக் கொண்டுவந்தாள்:

பழம் பழம் பெரிய பழம்
தோலை உரிச்சா சின்னப் பழம்
முழுங்கிப் போட்டா ஏது பழம்?
வாயைத் திற, ஆ!

ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகளில் ஏழு பேரைக் கோஷ்டி சேர்த்தாள். அதில் முன்பல் இரண்டும் விழுந்த ஆறு வயதுப் பெண் ஒன்று. பொக்கை என்றால்தான் திரும்பிப் பார்க்கும். ஊரைக் கூட்டும் குரல், ஆனால் ழகரம் மட்டும் வராது. பழத்தைப் பயம் என்றது. பல்லுக்கும் ழகரத்துக்கும் சம்பந்தமில்லை என்று நாக்கை மடித்துக் காட்டி, ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். கடைசி ஒத்திகையிலும் பயம்தான்.

"அதைப் பின்வரிசையில நிக்க வை. இல்லன்னா சும்மா வாயசைக்கச் சொல்லு," என்றேன்.

"வாயைத் திறன்னு பாட்டு எழுதிட்டு, வாயை மூடுன்னு எப்படிக்கா சொல்றது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உன் பிழைப்பை நீயே கெடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தயாரிப்பாளரும் நானும். அந்தப் பக்கம் மைக், ஏழு வாண்டுகள், என் தங்கை. சிவப்பு விளக்கு எரிந்தது. கிட்டாரில் முன்னிசை ஒருமுறை போனது. அவள் பாடவில்லை. இரண்டாம் முறை போனது. அவள் முகம் வெளுத்திருந்தது, உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனையோ வாயைத் திறக்கவைத்தவளுக்குத் தன் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் முறை வந்தபோது, நம்மைத்தான் பாடச் சொல்கிறார்கள்போல என்று பொக்கை நினைத்துக்கொண்டது. மைக்குக்கு நேராகக் கழுத்தை நீட்டியது.

"பயம் பயம் பெரிய பயம்!"

தயாரிப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். காதை மூட முடியவில்லை. என் தங்கையின் சிரிப்பு கேட்டது. அதன்பின் அவளுடைய குரல்:

"தோலை உரிச்சா சின்னப் பயம்!"

திருத்தவில்லை. அவளும் பயம் என்றே பாடினாள்! மீதி ஆறும் ஒன்றையொன்று பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டு, தொண்டை கிழியச் சேர்ந்துகொண்டன. முழுங்கிப் போட்டா ஏது பயம்? வாயைத் திற, ஆ! நான் கண்ணைத் திறந்தபோது தயாரிப்பாளரும் நின்றபடியே வாயைத் திறந்துகொண்டிருந்தார். நானும்தான். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நிகழ்ச்சி முடிவதற்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. நாளைக்கு ஆபரேஷன் இருக்கிற தன் மகன் காலையிலிருந்து பேசவே இல்லை, இப்போது பாடுகிறான், இரண்டாவது வரியை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று ஓர் அம்மா கேட்டார். தயாரிப்பாளர்தான் எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அவரே பாடிக் காட்டினார். "சின்னப் பயம்" என்றுதான் பாடினார்.

"அடுத்த வாரமும் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்துருங்க. பல்லு முளைச்சாலும் பரவாயில்ல," என்றார் என் தங்கையிடம்.

அது ஆகிப் பத்து வருடம். மேசையை விட்டாள், வாராவாரம் பாடினாள், நூற்றுச் சொச்சம் பாட்டு எழுதிவிட்டாள். பொக்கைக்குப் பல்லும் வந்துவிட்டது, ழகரமும் வந்துவிட்டது. போன மாதம் பாட்டெல்லாம் புத்தகமாக அச்சுக்கு வந்தது, எங்கள் அச்சகத்துக்கே. முதல் பக்கத்தைத் திருப்பினேன். அச்சுக் கோத்த பையன் கெட்டிக்காரன், அவள் எழுதிக் கொடுத்த பயத்தைப் பிழை என்று நினைத்து அவனே திருத்தியிருந்தான்: பழம் பழம் பெரிய பழம்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். ழகரத்தை அடித்தேன். மேலே ய என்று எழுதினேன், பழம் வந்த ஐந்து இடத்திலும் விடாமல். கீழே "பார்த்தேன், சரி" என்று கையெழுத்துப் போட்டேன்.