ரேஸ் காருக்குப் பெல்ட் தைக்கிறோம்

எங்கள் தொழிலில் வாடிக்கையாளரை நாங்கள் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை, ஆனால் அவர் சுவரில் மோதினால் முதல் கேள்வி எங்களுக்குத்தான் வரும்.

ஆந்திர எல்லையில், சத்தியவேடு பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. மேல்கூரை இல்லாமல், சக்கரம் நான்கும் வெளியே துருத்திக்கொண்டு ஓடும் ரேஸ் கார்களுக்கு இங்கே பெல்ட் தைக்கிறோம். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடைக்கு இரண்டு என்று ஆறு பட்டை சேர்ந்து டிரைவரை சீட்டோடு சேர்த்துக் கட்டிவிடும். நான் கடைசி மேஜை. தைத்து வருவதைப் பார்த்து, என் நம்பர் உள்ள முத்திரையைக் குத்தி அனுப்புவேன். நாள் முழுக்க ஒரே பொருளை உற்றுப் பார்த்துக் கண் பூத்துப்போகும் வேலையில் நீங்களும் இருந்தால், என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

எதிர்வீட்டு ஆர்டர்

ஊரில் என்னை ‘பெல்ட் கம்பெனிப் பொண்ணு’ என்பார்கள். எதிர்வீட்டு சரோஜா அத்தை ஒருநாள் வழிமறித்து, அப்படி என்னதான் தைக்கிறாய் என்று கேட்டாள். நானும் பெருமையாக ஆரம்பித்தேன். கார் எவ்வளவு வேகமாகப் போகும், சுவரில் இடித்தால் என்ன ஆகும், பெல்ட் எப்படி ஆளை இழுத்துப் பிடிக்கும் என்று கை காலெல்லாம் ஆட்டி விளக்கினேன். அத்தை இமை கொட்டாமல் கேட்டாள். ஆகா, ஊரில் ஒருத்திக்காவது என் வேலையின் அருமை புரிந்தது என்று நினைத்தேன்.

“அத்தெல்லாம் சரி செல்வி, எங்க வூட்டுக்காரருக்கு இடுப்பு முப்பத்தெட்டு, கறுப்பு கலர்ல ஒண்ணு எடுத்துக்கினு வா.”

கிளம்பிய இடம்

வேலைக்குச் சேர்ந்த வாரம் எங்களுக்கு டிவியில் ஒரு ரேஸ் போட்டுக் காட்டினார்கள். முட்டை வடிவத்தில் ஒரு பாதை, சுற்றிலும் சுவர். இடது பக்கம் திரும்பு, நேராகப் போ, மறுபடியும் இடது பக்கம் திரும்பு. இதையே மணிக்கணக்காகச் செய்கிறார்கள். சூப்பர்வைசர் சீனு சார் சுத்தமான தெலுங்குக்காரர், எங்களோடு பேசிப் பேசித் தமிழும் வந்துவிட்டது. அவர் ஒவ்வொரு சுற்றுக்கும் கை தட்டினார். எங்களுக்குக் கொட்டாவி வந்தது.

என் பக்கத்தில் தனலட்சுமி அக்கா. நகரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். எங்கள் லைனிலேயே தையல் சுத்தம் அவளுக்குத்தான். ஜெயித்தவன் கோப்பையைத் தூக்கியதும் அக்கா என்னைக் கிள்ளினாள்.

“இம்மாஞ்சுத்து சுத்திட்டு கெளம்பின எடத்துக்கே வந்து நிக்கறதுக்கு, வூட்லயே குந்திக்கினு இருந்திருக்கலாம் இல்ல?”

சீனு சார் மாட்டிக்கொண்டார்

மாதிரி சீட் ஒன்று ஹாலில் இருக்கிறது. வண்டி தீப்பிடித்தால் டிரைவர் தானே ஒரே திருகில் பூட்டைக் கழற்ற வேண்டும், ஆறு பட்டையும் ஒன்றாக அவிழ வேண்டும். அதைக் காட்ட சீனு சார் உட்கார்ந்தார். அக்கா முழங்காலை சீட்டில் ஊன்றிப் பட்டைகளை இழுத்து இறுக்கினாள். அப்போதுதான் வயிறு முட்டத் தோசை சாப்பிட்டுவிட்டு வந்தவர். முகம் சிவந்துவிட்டது.

பதற்றத்தில் திருகவேண்டியதை அமுக்கினார், அமுக்கினார், அமுக்கிக்கொண்டே இருந்தார். “திருகுங்க சார்!” என்று ஹாலே கத்தியது. அது அவர் காதில் ஏறவில்லை. கடைசியில் அக்காவே போய்த் திருகிவிட்டாள். சட்டையைச் சரிசெய்துகொண்டு எங்களைப் பார்த்து மிடுக்காகச் சொன்னார்.

“ஏமம்மா, பெல்ட் மேல தப்பு இல்ல, பாஸ் பண்ணிடுங்க!”

ஐந்தாவது வரி

வெளிநாட்டு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். இந்த ரேஸில் செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசினார். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. சுவருக்கு முன்னால் மெத்தை மாதிரி தடுப்பு வந்ததும், கழுத்து முறியாமல் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொள்ளும் பட்டை வந்ததும் அப்படித்தான் என்றார். ஒரு பழைய விபத்தின் வீடியோவையும் காட்டினார். கார் சுவரில் மோதி, காற்றில் சுழன்று, துண்டு துண்டாகக் கீழே விழுந்தது. டிரைவர் பிழைக்கவில்லை. ஏறுவதற்கு முன் அந்தப் பையன் யாரையோ பார்த்துச் சிரித்திருந்தான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அக்கா தைத்து அனுப்பிய தோள்பட்டைகளில் நான்கு வரித் தையல் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து இருந்தது. மூன்று இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். கூட இருந்தால் என்ன குறை என்றுதான் எனக்குத் தோன்றியது. இருந்தாலும் எழுந்துபோய்க் கேட்டேன். அவள் சொன்னதைக் கேட்டபின் முத்திரையைக் குத்திவிட்டேன்.

“பெத்தவ எங்கியோ வயித்துல நெருப்பக் கட்டிக்கினு இருப்பா செல்வி, ஒரு வரி சேத்துப் போட்டா நமக்கு இன்னா கொறஞ்சிடும்?”

யார் யார் பெயர்

நான்கு நாள் கழித்து, சோதனைக்காக இழுத்துப் பார்த்த ஓர் ஐந்து வரி பெல்ட் தாங்கவேண்டிய அளவுக்கு முன்பே தையல் ஓரமாகக் கிழிந்தது. இன்ஜினியர் அப்போது ஊர் திரும்பியிருந்தார். போனிலேயே விளக்கினார். ஊசி இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் பட்டையின் நூல் அறுகிறது. நான்கு வரி வரை தாங்கும், அதற்கு மேல் போட்டால் தபால்தலை ஓரத்தில் ஓட்டை போட்டது போலத்தான் என்றார். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மற்றவை எல்லாம் குடோனில்தான் இருந்தன. ஒரே ஒரு செட் மட்டும் அவசரம் என்று விமானத்தில் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ரேஸ். விஷயத்தைச் சொன்னால் ஆர்டர் போய்விடும், லைன் முழுக்க வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று ஹாலில் முணுமுணுத்தார்கள். எங்கள் வீட்டில் சம்பளத்துக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். ஆனால் வீடியோவில் செத்துப்போன அந்தப் பையனுடைய சிரிப்பு கண்ணை விட்டுப் போகவில்லை. மெயிலை நானே எழுதுகிறேன் என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ‘ஐந்து வரி, தப்பு, உடனே கழற்றவும்’ என்று எழுதி என் முத்திரை நம்பரைப் போட்டேன். அக்கா தன் பெயரையும் எழுதச் சொன்னாள். பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த சீனு சார் பெருமூச்சு விட்டார்.

“நா பேரு கூட போட்டுடும்மா, நான் மட்டும் எதுக்கு பாக்கி?”

திங்கட்கிழமை வீடியோ

இரண்டு நாள் பதில் இல்லை. சனிக்கிழமை வந்தது: காரில் ஏற்கனவே மாட்டியிருந்த அந்தப் பெல்ட்டை மெக்கானிக் அறுத்து எறிந்துவிட்டு, எங்களுடைய பழைய செட்டிலிருந்து நான்கு வரி போட்டதை மாட்டியிருக்கிறார். ஆர்டர் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

திங்கட்கிழமை காலை சீனு சார் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மெஷின்கள் எல்லாம் நின்றன. பெல்ட் மாற்றிய அதே கார். வளைவில் வழுக்கிச் சுவரில் போய் மோதியது. ஒரு சக்கரம் தனியாக உருண்டது. புகை. அப்புறம் உள்ளேயிருந்து ஒரு கை வெளியே வந்தது. டிரைவர் எழுந்தான், இறங்கினான், கோபத்தில் டயரை ஓர் உதை விட்டான், நடந்தே போனான். ஹாலே அதிரக் கை தட்டினோம். நான் வெட்கமில்லாமல் அழுதேன். ஆர்டர் அப்படியேதான் இருக்கிறது, தையல் அட்டையில் ‘நான்கு’ என்பதை மட்டும் ‘நான்கு, நான்கே’ என்று மாற்றச் சொல்லியிருக்கிறார்கள் என்றார் சீனு சார். இந்த டிரைவர் பையனுக்கு அடுத்த வாரமே இன்னொரு ரேஸாம், புதுப் பெல்ட் கேட்டிருக்கிறானாம். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“பொழச்சி வந்துட்டான் இல்ல, இனிமேலாவது ஒழுங்கா வேற வேல தேடிக்கினு நாலு வேள துன்னுட்டு வூட்டோட இருக்கச் சொல்லு சார்!”

அவன் உயிரோடு இறங்கினால்தான் எங்களுக்கு நிம்மதி, மறுபடியும் ஏறினால்தான் எங்களுக்கு வேலை என்று இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது எங்கள் பிழைப்பு.