குளிர் அறையில் அரை மணி நேரம்

அந்தத் தாளை நானே அளவுகோல் வைத்துக் கோடு போட்டுத் தயாரித்தேன். ஆறு பேருக்கு ஆறு வரிசை. பெயர், வயது, நாடித்துடிப்பு, விரல் நிறம், முடிச்சு, தேர்ச்சி என்று கட்டங்கள். அடியில் 'பரிசோதித்தவர்' என்று போட்டு, என் பெயருக்குக் கீழே 'குளிர்பதனத் தொழில்நுட்பர்' என்று தட்டச்சு செய்திருந்தேன். பாலிடெக்னிக் முடித்து, ஜெராம் கடற்கரையில் மீனை உறைய வைக்கும் ஆலையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அதுவரை யாரும் என் பதவியைத் தாளில் கேட்டதில்லை.

தென்துருவம் அப்போது பத்திரிகையில் அடிக்கடி வந்தது. பனிக்கு அடியில் எண்ணெய் இருக்கலாம், தாது இருக்கலாம் என்று பெரிய நாடுகள் கண் வைத்திருந்தன. அது மனித குலத்துக்கே பொது என்று நம் நாடு ஐ.நா.வில் வாதாடிக்கொண்டிருந்தது. அந்தச் செய்தியைப் பெருமையோடு கத்தரித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். அதே மேசைக்குத்தான் ஆலை முதலாளியான எங்கள் தவுக்கே ஓர் ஏஜெண்டைக் கூட்டிவந்தார். எண்ணெய் எப்போது வருமோ தெரியாது, ஆனால் அந்தக் கடலில் கிரில் என்ற சின்ன இறால் இப்போதே கொட்டிக் கிடக்கிறது, ரஷ்யக் கப்பல்கள் அள்ளுகின்றன, தன் முதலாளிகளும் விடுவதாக இல்லை என்றார் ஏஜெண்ட். அவர்கள் கப்பலுக்கு ஆறு பேர் வேண்டும். அந்த ஆறு பேரும் குளிர் தாங்குவார்கள் என்று படித்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆள் கொடுத்தால் சரக்கில் ஒரு பகுதி நம் ஆலைக்கு வரும் என்று தவுக்கேவுக்கு ஆசை.

ஜெராம் மீனவர்கள் ஐந்து பேர் வந்தார்கள். ஆறாவது ஆளாக எங்கள் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர். தோட்டத்தில் ரப்பரைச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பால் வெட்டிய மரங்கள் அடுத்த மாதம் விழவிருந்தன.

"ஏன் தங்கச்சி, பெலாச்சான் விழுது இடிக்கவா இவனுங்க அவ்ளோ தூரம் போறானுங்க? கூனி இறாலு இங்கயே கிடைக்குதே லா."

"கால்நடைத் தீவனத்துக்கும் போகும்ணே."

"அப்ப மாட்டுக்காக நான் கப்பல் ஏறணும். சரி, எழுது. குளிரு எப்படி?"

"நம்ம ரூமு மைனஸ் இருபது. அங்க கடல்ல அவ்வளவுகூட இருக்காது."

அது பொய்யில்லை. ஆனால் எங்கள் அறையில் காற்று அடிக்காது, அலைத் தண்ணீர் மேலே விழாது. காற்றும் ஈரமும் சேர்ந்தால் உடம்பின் சூடு எத்தனை வேகமாகப் போகும் என்பது என் கல்லூரிக் குறிப்பேட்டில் இருந்தது. சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருந்தேன். பரிசோதனையை எழுதியபோது அந்தப் பக்கத்தை நான் புரட்டவில்லை.

ஒவ்வொருவரும் வெறுங்கையோடு அரை மணி நேரம் உள்ளே நிற்க வேண்டும். வெளியே வந்ததும் கயிற்றில் ஐந்து முடிச்சுப் போட வேண்டும். கதவிலிருந்த சிறிய கண்ணாடி வழியாக நான் கடிகாரத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மீனவர்கள் பிறந்ததிலிருந்து ஐஸில் கை வைத்தவர்கள், சிரித்துக்கொண்டே முடித்தார்கள். அண்ணன் கடைசியாக உள்ளே போனார். வெளியே வந்து ஐந்து முடிச்சையும் மெதுவாகப் போட்டார். ஏஜெண்டின் கார் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து ஐவர் எல்லா விரல்களோடும் திரும்பினார்கள். அண்ணனுக்கு வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. பனி இறுகத் தொடங்கிய பிறகும் கேப்டன் கப்பலைத் திருப்பவில்லையாம். ரஷ்யக் கப்பல்கள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தன. அவர்களும் இவர்கள் போகட்டும் என்று காத்திருந்தார்களாம். யார் முதலில் போவது என்ற அந்த வீம்பில் ஒன்பது நாள் போயிற்று. ஈரக் கையுறையோடு வலை இழுத்தவர்களில் அண்ணன் விரல்கள்தான் முதலில் கறுத்தன. பால்வெட்டுக் கத்தியை அவரால் இனிப் பிடிக்க முடியாது. நான் அப்போது அவரைப் பார்க்கப் போகவில்லை. வேலை இருந்தது என்று அம்மாவிடம் சொன்னேன்.

மூன்று வருடத்துக்குப் பிறகு, போன மாதம்தான் போனேன். சுங்கை சோ என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை கேட்டில் அவர் காவலாளி. எனக்கு உட்கார நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றார். சொல்ல வேண்டியதைப் பஸ்ஸிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

"காத்த நான் கணக்குல எடுக்கலண்ணே. படிச்சிருந்தேன். எடுக்கல."

"காத்து என்னம்மா செய்யும்." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான்தான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ரூமுக்குள்ள பத்து நிமிஷத்துல விரலு மரத்துப் போச்சு. சட்டைக்குள்ள விட்டு கக்கத்துல வெச்சுக்கிட்டேன். அதான் முடிச்சுப் போட முடிஞ்சுச்சு. உன்ன ஏமாத்திட்டேன். நீ நம்பிக் கையெழுத்துப் போட்ட."

நான் அதைப் பார்த்திருந்தேன். பன்னிரண்டாவது நிமிடம். கண்ணாடியைத் தட்ட விரலை மடக்கியும் விட்டேன். பிறகு தாளைப் பார்த்தேன். ஐந்து வரிசை நிரம்பியிருந்தது, ஒன்று காலியாக இருந்தது. விரலை இறக்கிக்கொண்டேன். இத்தனை வருடமாக அந்தக் குற்றத்தை அவர் தன்னுடையது என்று வைத்திருந்திருக்கிறார். நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். பஸ்ஸில் நான் அடுக்கி வைத்திருந்ததில் அது இல்லை.

"பரவாயில்லண்ணே," என்றேன். "அத மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் முகம் தெளிந்தது. அவரை மன்னித்துவிட்டு நான் பஸ் ஏறினேன்.