சாவி இருந்த இடம்

இணையத்தில் ஊர்பேர் தெரியாதவர்களிடம் எங்கள் வீட்டுப் படங்கள் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் அவற்றைச் சேமித்து வைக்க அடையாறு வீட்டிலேயே ஒரு சர்வர் அமைத்தேன். அதன் ஹார்ட் டிஸ்க் 'டக்' என்ற சத்தத்தோடு ஓடத் தொடங்கியதும், சிறுவயதில் நாங்கள் இருந்த மயிலாப்பூர் வீட்டு இரும்பு பீரோ திறக்கும் சத்தம் நினைவில் கேட்டது. பாச்சை உருண்டை வாசனையும் கூடவே வந்தது.

அந்த பீரோவில் இருந்த ஆல்பத்தைக் கேட்டால், எங்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் அப்பா சாவியை எடுப்பார். "எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்" என்பார்.

அவர் இறந்த அன்று, மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. சாவி கிடைக்கவில்லை. கடப்பாறையால் பீரோவை நெம்பித்தான் அவரை வெளியே எடுத்தோம்.

"சர்வருக்குப் பாஸ்வேர்டு என்னப்பா?" என்றாள் மகள்.

"எனக்குத் தெரிஞ்சா..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டு, அதைச் சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன்.