ஒரே பெட்டியில் ரெண்டு குடித்தனம்

ஒரு கம்ப்யூட்டர்ல ரெண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுக் கொடுக்கிறது பெரிய வித்தை இல்லீங்க. போட்டுக் கொடுத்துட்டு அந்த வீட்டுக்காரங்ககிட்ட மாட்டிக்காம வெளியே வர்றதுதான் வித்தை. ஹேண்ட்பேக்ல சீப்புக்குப் பக்கத்துல ஸ்க்ரூ டிரைவரை வெச்சுக்கிட்டு அலைஞ்ச என்னை மாதிரி பாவப்பட்ட ஜென்மங்களுக்கு இதை விளக்கணும்னு இல்லை. மத்தவங்களுக்காகச் சொல்றேன்.

தொண்ணூறுகளோட கடைசி. அம்பத்தூர்ல ஒரு சின்ன அசெம்பிளிங் கடையில நான்தான் சர்வீஸ். விண்டோஸ் எல்லாருக்கும் பழகிடுச்சு. லினக்ஸ் அப்பதான் சி.டி.யில வந்து இறங்கியிருந்தது. ஹார்ட் டிஸ்க்கை ரெண்டா தடுத்து, ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இதுன்னு போடுவோம். ஸ்விட்சைப் போட்டதும் எது வேணும்னு கேட்கும். ஆனா ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடும். இந்தக் கடைசி வரியை மட்டும் எவ்வளவு சொன்னாலும் யார் காதிலயும் ஏறாது.

ஸ்டெப்னி

பூந்தமல்லியில வேன் வாடகைக்கு விடுற பாய் ஒருத்தர், யாரோ சொன்னாங்கன்னு எங்க கடைக்கு வந்து எனக்கும் ரெண்டு சிஸ்டம் வேணும்னு நின்னாரு. எதுக்குன்னு கேட்டா தெரியலை. ரெண்டாவதுல என்ன செய்வீங்கன்னு கேட்டேன். ஒண்ணும் செய்ய மாட்டாராம், சும்மா இருக்கட்டுமாம். வேணாங்க, வீணா டிஸ்க்ல இடம்தான் அடைக்கும்னு பொறுமையாத்தான் சொன்னேன். மனுஷனுக்கு முகமே வாடிப்போச்சு.

"இன்னாம்மா நீ, ஒண்ணு பங்க்ச்சர் ஆனா இன்னொண்ணைக் கழட்டி மாட்டிக்கலாம்னு பார்த்தேன்!"

இன்ஜினியர் வரலையா?

நான் சொல்ல வந்தது திருநின்றவூர் தனசேகர் வீட்டுக் கதை. ஸ்டேஷன்ல இறங்கி ஏரிப்பக்கம் நடந்தா, வீட்டு முன்ரூம்லயே டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிச்சுக் கொடுப்பாரு. வீட்டுக்கு சோறு போடுறது அந்த ஒரே கம்ப்யூட்டர். அவர் சம்சாரம் விஜயா ஆவடியில யூனிக்ஸ் படிச்சுக்கிட்டிருந்தாங்க. கிளாஸ்ல மெஷினுக்கு முன்னாடி உட்காரக் கிடைக்கிறது கொஞ்ச நேரம்தான், அதுலயும் ரெண்டு பேர் தோளுக்கு மேல எட்டிப் பார்ப்பாங்களாம். யூனிக்ஸுக்குத் தங்கச்சி மாதிரியான லினக்ஸை வீட்டு மெஷின்லயே போட்டா தினம் பழகலாம், நாளைக்கு ஒரு கம்பெனியில கூப்பிட்டா தைரியமா போய் உட்காரலாம்னு அவங்க ஆசை. "முப்பது தாண்டிட்டேன் மேடம். இப்ப விட்டா என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க"ன்னாங்க.

தனசேகருக்கு உள்ளுக்குள்ள உதறல். சம்சாரம் படிக்கட்டும், ஆனா மெஷின்ல கை வைக்கக் கூடாது. அதுல ஒரு பத்திரிகை அழிஞ்சாலும் ஒரு கல்யாண வீட்டுக்குப் பதில் சொல்லணுமே. அவர் கவலை நியாயம்தான். ஆனா நான் பெட்டியைத் திறந்து பாதி வேலை முடிச்சு, மூக்குல தூசி ஏறித் தும்மிக்கிட்டிருந்தப்ப, டீயைக் கையில கொடுத்துட்டு வாசலை வாசலை எட்டிப் பார்த்தாரு பாருங்க, அதுக்குத்தான் எனக்கு ரத்தம் கொதிச்சது.

"நீங்க குடிங்க மேடம். இன்ஜினியர் சார் எந்த ட்ரெய்ன்ல வராரு?"

கலர் கட்டம்

டிஸ்க்கைத் தடுக்கிறதுக்கு முன்னாடி, அங்கங்க சிதறிக் கிடக்கிற ஃபைல்களை எல்லாம் ஒரு ஓரமா ஒதுக்கணும். ஸ்க்ரீன் பூரா சின்னச் சின்னக் கட்டமா கலர் மாறிக்கிட்டே போகும். அப்படி நகரும்போது கரண்ட் போச்சுன்னா தனசேகர் பயந்த மாதிரியே ஆகிடும். திருநின்றவூர் கரண்ட்டைப் பத்தி நான் சொல்லணுமா? ஃபேனைப் பார்க்கிறதும் ஸ்க்ரீனைப் பார்க்கிறதுமா நாங்க மூணு பேரும் மூச்சு விடாம உட்கார்ந்திருந்தோம். ஃபேன் ஒரு தடவை மெதுவா சுத்தினப்ப தனசேகர் "முருகா"ன்னு நெஞ்சைப் பிடிச்சிட்டாரு. நல்லவேளை, கட்டமெல்லாம் ஒழுங்கா போய் சேர்ந்தது.

பக்கத்து வீட்டு அம்மா முறத்தோட வந்து, அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டே எங்களோட உட்கார்ந்து பூராவும் பார்த்தாங்க. எழுந்து போறப்ப விஜயாகிட்ட மெதுவா கேட்டாங்க.

"ஏம்மா, கடைசியில யாரு ஜெயிச்சா?"

ஊதுவத்தி

மறுநாள் காலையில கடைக்கு போன். தனசேகர்தான். "மேடம், மெஷினுக்குப் பேய் புடிச்சிகினு கீது"ன்னாரு. ஓடினேன். ஸ்விட்சைப் போட்டா கொஞ்ச நேரம் கேட்டுப் பார்க்கும், பதில் வரலைன்னா தானே லினக்ஸுக்குப் போயிடும், அப்படித்தான் வெச்சிருந்தேன். உடனே கீயைத் தட்டினா விண்டோஸ் வந்திருக்குமே, ஏன் தட்டலைன்னு கேட்டேன். என் முன்னாடியே செஞ்சு காட்டினாரு. ஸ்விட்சைப் போட்டாரு, செருப்பைக் கழட்டினாரு, ஊதுவத்தி ஏத்தி மானிட்டரை மூணு சுத்து சுத்தினாரு, கண்ணை மூடி உதட்டுக்குள்ள ஏதோ முணுமுணுத்தாரு. கண்ணைத் திறந்தா கறுப்புத் திரையில லாகின் கேட்டுக்கிட்டு நிக்குது. பத்திரிகை அடிக்கிற தொழில்ல சாமி கும்பிடாம முதல் எழுத்து தட்ட மாட்டாராம். கும்பிடறதுக்கு முன்னாடி ஸ்விட்ச் போடாதீங்கன்னேன். அணைஞ்ச மெஷினைக் கும்பிடறது அபசகுனமாம்!

சரிப்பா, என் வழிக்கு அவர் வரப்போறதில்லை, அவர் வழிக்கு மெஷினைக் கொண்டு வருவோம்னு, எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிற மாதிரி மாத்தினேன். 'kadai'ன்னு அடிச்சா விண்டோஸ், 'viji'ன்னு அடிச்சா லினக்ஸ். அப்பதான் அவருக்கு மனசு ஆறிச்சு. அதுவரைக்கும் புலம்பினது இதுதான்.

"சாமி கும்புடுற வரைக்கும் பொறுக்காத மெஷினு, கஸ்டமர் கரெக்‌ஷன் சொல்றதுக்கு எங்க பொறுக்கப் போவுது?"

தம்பி செஞ்ச உபகாரம்

மாசங்கள் ஓடிச்சு. பகல்ல அவரு, கூட்டம் குறைஞ்ச நேரத்துல அவங்க. ஒருநாள் விஜயா போன் பண்ணி, சிட்டியில ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கு, திங்கக்கிழமை டெஸ்ட்டு, மெஷின் முன்னாடி உட்கார வெச்சு புரோகிராம் எழுதச் சொல்வாங்கன்னு சந்தோஷமா சொன்னாங்க. சனிக்கிழமை மறுபடி போன். வெறும் அழுகை. ஓடினேன்.

நடந்தது இதுதான். முகூர்த்த சீசன், மெஷின் இழுத்துக்கிட்டு ஓடுது. தனசேகர் எனக்குச் சொல்லியனுப்பாம விஜயாவோட தம்பி முரளியைக் கூப்பிட்டிருக்காரு. முரளி ஆவடியில கேபிள் கனெக்‌ஷன் கொடுக்கிறவரு, கம்ப்யூட்டரும் கொஞ்சம் நோண்டுவாரு. விண்டோஸைப் புதுசா போட்டாரு, அதுவரைக்கும் சரி. டிஸ்க்ல இன்னொரு பக்கம் இருந்தது அவருக்குப் பேர் தெரியாத இடம். துடைச்சு எடுத்து, அக்காவுக்குன்னு அழகா ஒரு டி டிரைவ் பண்ணிக் கொடுத்துட்டாரு. அவங்க எழுதிப் பார்த்த அத்தனை புரோகிராமும் போச்சு. காப்பி வெச்சிருந்த ஃப்ளாப்பி? மேஜை மேல சும்மா கிடந்ததேன்னு அதைத்தான் அழிச்சு, விண்டோஸ் போடுறதுக்கு பூட் ஃப்ளாப்பி ஆக்கியிருந்தாரு. எனக்கு வந்த கோவத்துக்கு ரெண்டு அறை விட்டிருப்பேன். ஆனா அந்த ஆள் அக்கா முகத்தைப் பார்க்க முடியாம சுவத்தைப் பார்த்து நின்னப்ப, என் கை பையில இருந்த லினக்ஸ் சி.டி.யைத்தான் தேடிச்சு.

"ஆள் இல்லாத ஊடுன்னு நென்ச்சிட்டேன்க்கா."

கடை லீவு இல்லை

லினக்ஸைத் திரும்பப் போட்டுட்டேன். போனதை எல்லாம் என்னால கொண்டு வர முடியாது. விஜயா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, முதல் புரோகிராம்ல இருந்து ஞாபகத்துல அடிக்க ஆரம்பிச்சாங்க. ஞாயித்துக்கிழமை எப்படி இருக்காங்கன்னு பார்க்கப் போனேன். கடை திறந்திருந்தது. மெஷின்ல விஜயா. பக்கத்துல ஸ்டூல்ல தனசேகர் சும்மா உட்கார்ந்திருக்காரு. முகூர்த்த சீசன் ஞாயித்துக்கிழமைங்க அது!

பட்டாபிராம்ல இருந்து கல்யாணப் பொண்ணோட அப்பா ஒருத்தர் பத்திரிகை புரூஃபோட வந்தாரு. சித்தப்பா பேரு விட்டுப்போச்சு, இப்பவே சேர்த்துக் கொடுங்கன்னாரு. தனசேகர் அந்தப் பேரைப் பேப்பர்ல எழுதி வாங்கிக்கிட்டு, நாளைக்கு மதியம்னாரு. வந்தவருக்குக் கோவம் ஏறிடுச்சு. மெஷின் நல்லாத்தானே ஓடுது, அந்தம்மாவைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொன்னா வேலை முடிஞ்சதே, இல்லைன்னா வேற கடை பார்த்துக்கிறேன்னு சத்தம் போட்டாரு. விஜயா பதறி எழப் போனாங்க. தனசேகர் அவங்க தோள்ல கையை வெச்சு அழுத்தி உட்கார வெச்சாரு. எங்க நான் அழுதுடுவேனோன்னு எனக்கே பயமாயிடுச்சு.

"அது வேற சிஸ்டம் சார். அது எறங்கினாத்தான் நம்மளுது ஏறும்."

டெஸ்ட்டு

விஜயாவுக்கு வேலை கிடைச்சது. பட்டாபிராம்காரரும் திட்டிக்கிட்டே திங்கக்கிழமை மதியம் வந்து, சித்தப்பா பேரோட பத்திரிகை வாங்கிட்டுத்தான் போனாரு. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு காலையில அம்பத்தூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்துல நின்னுக்கிட்டிருந்தேன். ட்ரெய்ன் வந்து நின்னுது. லேடீஸ் கம்பார்ட்மென்ட் ஜன்னல்ல விஜயா, மடியில டிபன் டப்பா. ஏறிப் பக்கத்துல உட்கார்ந்து, டெஸ்ட்டு அன்னைக்கு ரொம்ப பயந்தீங்களான்னு கேட்டேன். யோசிச்சு சிரிச்சாங்க.

"கேள்வியெல்லாம் சுலபம்தான் மேடம். நான் எப்ப எழுந்திருப்பேன்னு பின்னாடி யாருமே நிக்கலை, அதுதான் கொஞ்ச நேரம் கையே ஓடலை."

ரெண்டு சிஸ்டத்தை ஒரே பெட்டியில குடி வைக்க எங்ககிட்ட சி.டி., ஃப்ளாப்பி எல்லாம் உண்டு. ஒண்ணு எழுந்து இன்னொண்ணுக்கு இடம் விடுறதை மட்டும் அந்தந்த வீட்டுக்காரங்களேதான் இன்ஸ்டால் பண்ணிக்கணும்.