அவருக்குச் சுடுதண்ணி, எனக்குக் குளிர்காற்று

புது வீட்டுக்குத் தளம் போட்டு முடித்தபோது, ஒரே ஒரு சாமான் வாங்கத்தான் எங்களுக்குத் தெம்பு மிச்சமிருந்தது. என் வீட்டுக்காரருக்கு ஹீட்டர் வேண்டும். எனக்கு ஏசி வேண்டும். அதுவும் ஹாலில் இல்லை, சமையலறையில். சமையலறைக்கு ஏசி கேட்ட முதல் பொம்பளை என்று தெருவே என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும். அவர்கள் உடம்பா எரிந்தது?

எனக்கு அப்போது தீட்டு நிற்கிற வயது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சிலிருந்து குப்பென்று சூடு கிளம்பி, கழுத்து, காது, உச்சந்தலை வரைக்கும் ஏறும். ரவிக்கை நனைந்து ஒட்டிக்கொள்ளும். பகலில் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்குகிறவள் நான். அந்த அடுப்பை விட்டு வந்தால் வீட்டு அடுப்பு காத்திருக்கும். புது வீட்டிலாவது வேர்த்துக் கொட்டாமல் ஒரு வேளைக் குழம்பு வைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அவரிடம் சொன்னால், "ஏரிக்கரைல யாருக்குமே வேர்க்கல, உனக்கு மட்டும் ஸ்பெஷலா வேர்க்குதாக்கும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேர்வையைக்கூடத் துடைத்துவிடலாம். நான் சும்மா சொல்கிறேன் என்று கட்டினவனே நினைத்தால் அதை எதைக் கொண்டு துடைப்பது?

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. விடிவதற்குள் ஏரியில் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மீனுக்குச் சுத்து வலை கட்டுகிறவர். வாடைக் காற்று மாதங்களில் பல் கிட்டிப்போய் வருவார். சுடுதண்ணி ஊற்றினால்தான் விரல் மடங்கும்.

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். பாடு என்போம். அந்தப் பழக்கத்தில் ஒருநாள், "ஹீட்டரா, ஏசியான்னு சீட்டு போட்டுக்கலாம்மே" என்றார்.

"என் உடம்பு இன்னா ஏரித் தண்ணியா, சீட்டு போட்டுப் பிரிக்க?" என்று கரண்டியோடு எழுந்தேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

கடைசியில் ரெண்டு பேரும் முறைத்துக்கொண்டே பொன்னேரிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு நிமிஷம் எங்கள் சண்டையை வேடிக்கை பார்த்துவிட்டு, பீப்பாய் மாதிரி நின்ற ஒரு பெட்டியைத் தட்டினார். "அக்கா, இது ஹீட் பம்ப். காத்துல கீற சூட்ட உறிஞ்சித் தண்ணில ஏத்திடும். சூடு போன காத்து ஜில்லுனு வெளிய வரும். ஏசி அளவுக்கு இல்ல, ஆனா ஒரு ஓரத்துக்கு நல்லாவே வரும். விலை ஹீட்டரவிட ஜாஸ்திதான். ஆனா ஹீட்டர் மாரி கரண்ட்ட குடிக்காது. ஹீட்டர், ஏசி ரெண்டும் வாங்குறதுக்கு இது எவ்வளவோ தேவல."

"எல்லாரும் இப்டித்தான் சொல்லி விப்பீங்க" என்றேன்.

கடைக்காரர் ஸ்விட்சைப் போட்டார். கொஞ்ச நேரம் போனதும் காற்று வருகிற பக்கம் கையை வைத்தேன். ஐயோ, என்ன சுகம்! வைத்த கையை எடுக்கவே மனசில்லை. என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் குழாயைத் திறந்து வெந்நீரில் விரலை விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஒரே நேரத்தில் "சரி" என்று சொன்னது அன்றைக்குத்தான்.

பிளம்பர் வந்த நாளில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சாயங்காலம் ஆசை ஆசையாக வந்து சமையலறையில் நுழைந்தால் அதே வெக்கை. குளியலறையில் அவர் பாடிக்கொண்டு குளிக்கிறார். பெட்டி எங்கே? வெளிப்படியில் ஏறி மாடிக்கு ஓடினேன். மொட்டைமாடியில், தகரக் கூரை போட்டு, ராஜா மாதிரி நிற்க வைத்திருந்தார். அதற்கு முன்னால் எங்கள் தெரு நாய் நாலு காலையும் நீட்டிப் படுத்திருந்தது. எனக்கு வரவேண்டிய காற்று அதன் வயிற்றில் வீசிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து வாலைக்கூட ஆட்டவில்லை.

இறங்கி வந்தேன். "யோவ், யாருக்குய்யா வாங்கின? நாய்க்கா?"

ஈரத் தலையோடு திருதிருவென்று விழித்தார். "மோட்டார் ஆச்சேமே. போட் இஞ்சின ஒருநா வீட்டுக்குள்ள வச்சு, புகைல நாம இருமினது மறந்துட்டியா? அதான் மேல வச்சேன்."

"கரண்ட் மோட்டாருக்கு ஏதுய்யா புகை?"

"சரி, மேல இருந்தா இன்னா இப்போ? சுடுதண்ணி உனக்கும்தானே வருது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து உள்ளே சூடும் கிளம்பியது. சட்டென்று அவர் கையைப் பிடித்து இழுத்து என் கழுத்தில் வைத்தேன். அவர் திடுக்கிட்டார். "இன்னாமே இது, காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்ல. இதத்தான் எத்தினி நாளா சொல்லினு கீறேன்."

வைத்த கையை அவர் எடுக்கவில்லை. கழுத்தில் வேர்வை வழிந்து அவர் விரலை நனைத்தது. மறுநாள் வலைக்குப் போகாமல் பிளம்பரை மறுபடி கூட்டிவந்து, பெட்டியைச் சமையலறை மூலையில் இறக்கி வைத்தார். நாய் படிக்கட்டில் உட்கார்ந்து எங்களைக் குற்றம் சொல்வது போலப் பார்த்தது.

ஆனால் அதிலும் ஒரு கொக்கி இருந்தது. தண்ணி சூடேறியதும் பெட்டி நின்றுவிடும், காற்றும் நின்றுவிடும். யாராவது சுடுதண்ணியைச் செலவழித்தால்தான் மறுபடி ஓடும். எனவே எனக்கு எரிகிற போதெல்லாம், "யோவ், போய்க் குளி" என்று விரட்டுவேன். ஏரியிலேயே பாதி நாள் ஊறுகிற மனுஷன், முனகிக்கொண்டே போவார்.

போன வாரம் ஒரு சாயங்காலம். அவர் குளித்து, சாப்பிட்டு, டிவி முன்னால் படுத்துவிட்டார். நான் மீன் வறுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே குப்பென்றது. களைத்துப்போன மனுஷனை எழுப்ப வேண்டாம் என்று, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மீனைப் புரட்டினேன். திரும்பினால், அவர் எழுந்து கொடியில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துத் தோளில் போடுகிறார்.

"எங்கய்யா போற?"

"குளிக்க."

"இப்பதானே குளிச்ச?"

"உனக்குத்தான் வந்துடுச்சே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே தண்ணி விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மூலையில் பெட்டி உறுமத் தொடங்கியது. அடுப்பைக் குறைத்துவிட்டு அதன் முன்னால் போய் நின்றேன்.

"மே, காத்து வருதா?" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

"வருதுய்யா, போதும், வா" என்றேன். அவர் இன்னொரு குவளை மொண்டு ஊற்றிக்கொண்டார்.